யுராசிலைத் தேடிப் பிடிக்கும் நொதி

கேள்வி: டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் நொதிகள் நம் செல்களில் இருப்பதாகப் பாடத்தில் படித்தேன். கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே ஓரெழுத்து மட்டும் கெட்டுப்போயிருப்பதைக் கண்ணும் மூளையும் இல்லாத ஒரு புரதம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏதேனும் ஒரு நொதியை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்போடு சேர்த்து விளக்க வேண்டுகிறேன். (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிறது என்பதுதான் சுருக்கமான விடை. அந்தத் தடவல் எவ்வளவு நுட்பமானது என்பதைப் புரிந்துகொள்ள, யுராசில் டி.என்.ஏ. கிளைகோசிலேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக அதை யு.என்.ஜி. என்பார்கள். தோமஸ் லிண்டால் 1974-இல் இதை ஈ. கோலை பாக்டீரியாவில் கண்டறிந்தார். டி.என்.ஏ. பழுதுபார்ப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் பால் மாட்ரிச், அஜீஸ் சஞ்சார் ஆகிய இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

முதலில் பழுது என்னவென்று பார்ப்போம். டி.என்.ஏ.வின் எழுத்துகளாக விளங்கும் நான்கு காரங்களில் (சைட்டோசின், குவானின், அடினின், தைமின்) ஒன்றான சைட்டோசினின் வளையத்தில் ஓர் அமினோ தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்லுக்குள் எங்கும் நிறைந்திருக்கும் நீர், எப்போதாவது அந்த அமினோ தொகுதியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஓர் ஆக்சிஜனை வைத்துவிடுகிறது. அவ்வளவுதான், சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும். கதிர்வீச்சோ நச்சோ தேவையில்லை. உடல் வெப்பமும் நீரும் போதும். ஒரு மனிதச் செல்லில் நாள்தோறும் ஏறக்குறைய 100 முதல் 500 சைட்டோசின்கள் இப்படி மாறுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சைட்டோசின் குவானினோடு இணையும். யுராசிலோ அடினினோடு இணையும். ஆகவே, சரிசெய்யப்படாமல் அந்த டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டால் எதிரே அடினின் வந்து அமரும், அடினினின் இணை தைமின் என்பதால், அடுத்த படியெடுப்பில் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் நிலைத்துவிடும். அது நிரந்தரமான சடுதி மாற்றம்.

இனி நொதிக்கு வருவோம். இதற்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்கள் உருவாகின்றன: 304 அமினோ அமிலங்கள் கொண்டது மைட்டோகாண்ட்ரியாவுக்கும், 313 கொண்டது உட்கருவுக்கும் செல்கின்றன. முன்முனைதான் வேறு, வேலை செய்யும் பகுதி இரண்டிலும் ஒன்றே. அப்பகுதியின் படிக அமைப்பு 1995-இல் வெளிவந்தது. நடுவில் புரதச் சங்கிலியின் நான்கு இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட ஒரு தகடு (பீட்டாத் தகடு), அதைச் சூழ்ந்து சங்கிலியின் சுருண்ட பகுதிகள் (ஆல்ஃபாச் சுருள்கள்), ஒருபுறம் டி.என்.ஏ. இரட்டைச் சுருள் பொருந்தும் அளவுக்கு ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரே ஒரு காரம் மட்டும் நுழையக்கூடிய குறுகிய பை. இந்தப் பையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றவையெல்லாம் இதைச் சுற்றியே நடக்கின்றன.

இரட்டைச் சுருளில் காரங்கள் ஏணிப்படிகளைப் போல உட்பக்கம் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து தடவினால் கிடைப்பது சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்பு மட்டுமே. ஆகவே உள்ளே இருக்கும் காரத்தைச் சோதிக்க வேண்டுமானால் அதை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். நொதி டி.என்.ஏ.வின் மேல் நகரும்போது, செரின் அமினோ அமிலங்கள் அமைந்த அதன் வளைவுகள் முதுகெலும்பின் பாஸ்பேட்டுகளை இருபுறமும் கிள்ளிப் பிடித்து, சுருளைச் சற்றே வளைக்கின்றன. 272-ஆம் இடத்திலுள்ள லியூசின் ஒரு விரலைப் போலச் சுருளுக்குள் நுழைந்து, காரம் வெளியேறிய இடத்தை நிரப்பி, அது மீண்டும் உள்ளே திரும்பாமல் பார்த்துக்கொள்கிறது. வெளியே புரண்ட காரம் பைக்குள் போகிறது. 1996-இல் வெளிவந்த படிக அமைப்பில், டி.என்.ஏ.விலிருந்து யுராசில் முழுவதுமாக வெளியே திரும்பி அந்தப் பைக்குள் அமர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நான் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது நெடுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

பைக்குள் நடப்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. தைமினுக்கும் யுராசிலுக்கும் உள்ள வேறுபாடு, தைமினில் மட்டும் இருக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜன்களும்). பையின் ஓரத்தில், 147-ஆம் இடத்திலுள்ள டைரோசினின் வளையம் சரியாக அந்த மெத்தில் வரக்கூடிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தைமின் வந்தால் மெத்தில் இடிக்கும். உள்ளே அமர முடியாது. சைட்டோசின் வந்தால் இடிக்காது, ஆனால் 204-ஆம் இடத்திலுள்ள அஸ்பராஜின் அதை ஏற்காது. யுராசிலின் ஆக்சிஜனோடும் அதற்கு அடுத்த நைட்ரஜனோடும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும்படி அது அமைந்திருக்கிறது, சைட்டோசினில் அவ்விடத்தில் இருப்பதோ அமினோ தொகுதி. அடினினும் குவானினும் உருவில் பெரியவை. அவற்றுக்கு வாசலே போதாது.

இது வெறும் ஊகம் அன்று. நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகர ஆய்வாளர்கள் 1996-இல் அந்த டைரோசினை எடுத்துவிட்டுச் சிறிய அலனினை வைத்தார்கள். நொதி நல்ல தைமினையும் வெட்டி எடுக்கத் தொடங்கியது. அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றினார்கள். சைட்டோசினை வெட்டத் தொடங்கியது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும், காவல் காக்கும் நொதி டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியாகிவிட்டது.

யுராசில் சரியாக அமர்ந்தபின், 145-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலமும் 268-ஆம் இடத்து ஹிஸ்டிடினும் வினையை முடித்துவைக்கின்றன. காரத்தையும் சர்க்கரையையும் இணைக்கும் பிணைப்பு ஒரு நீர் மூலக்கூறின் துணையோடு அறுகிறது. உலோக அயனியோ செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் ஆற்றலோ இதற்குத் தேவைப்படுவதில்லை. அறுந்தபின் எஞ்சுவது காரமில்லாத வெற்றுச் சர்க்கரை. அதுவும் செல்லுக்கு ஆபத்தானதே. ஏ.பி.இ.1 என்ற நொதி வந்து அவ்விடத்தில் இழையை வெட்ட, டி.என்.ஏ. பாலிமரேஸ் பீட்டா சரியான எழுத்தை வைக்க, லிகேஸ் இழையை ஒட்டுகிறது.

கேள்வி: ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்கும்போது, டி.என்.ஏ. மட்டும் ஏன் தைமினைப் பயன்படுத்துகிறது? (ஆசிரியர் ஒருவர்)

பதில்: முந்தைய பதிலிலேயே இதற்கான விடை ஒளிந்திருக்கிறது. டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால், சைட்டோசின் கெட்டுப்போய் உருவான யுராசிலையும் இயல்பான யுராசிலையும் எந்த நொதியாலும் பிரித்தறிய முடியாது. தைமினின் மெத்தில், “நான் இங்கே இருக்க வேண்டியவன்” என்று காட்டும் முத்திரை போன்றது. டைரோசின் சோதிப்பது அந்த முத்திரையைத்தான். ஆர்.என்.ஏ. குறுகிய காலமே வாழ்வதால் அதற்கு இவ்வளவு பாதுகாப்பு வேண்டியதில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. நம் டி.என்.ஏ.வில் சில சைட்டோசின்களின் மீதும் மெத்தில் இருக்கிறது. அவை இதே முறையில் கெட்டால் யுராசில் உருவாகாது, தைமினே உருவாகும், யு.என்.ஜி. அதைத் தொடாது. டி.டி.ஜி., எம்.பி.டி.4 என்ற வேறு நொதிகள் அதைக் கவனிக்கின்றன என்றாலும், அத்தகைய இடங்களில் சடுதி மாற்றங்கள் மிகுதியாகவே காணப்படுகின்றன.

கேள்வி: இந்த நொதி இல்லாமல் ஒருவர் பிறந்தால் என்ன ஆகும்? புற்றுநோய் வருமா? (வாசகி ஒருவர்)

பதில்: அப்படிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் முதலில் வெளிப்பட்டது புற்றுநோய் அன்று, தொற்றுகளை எதிர்க்கும் ஆற்றலில் குறைபாடு. 2003-இல் இது விவரிக்கப்பட்டது. அவர்களின் இரத்தத்தில் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் தாராளமாக இருக்க, ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ. வகைகள் மிகக் குறைந்திருந்தன.

காரணம் வியப்பானது. எதிர்ப்பொருளின் வகையை மாற்றுவதற்காக, எதிர்ப்பொருள்களை உருவாக்கும் வெள்ளையணுக்களான பி-செல்கள் தங்கள் மரபணுவில் குறிப்பிட்ட இடத்துச் சைட்டோசின்களை ஏ.ஐ.டி. என்ற நொதியைக் கொண்டு வேண்டுமென்றே யுராசிலாக்குகின்றன. யு.என்.ஜி. வந்து அவற்றை எடுத்தால்தான் அங்கே இழை வெட்டுப்பட்டு, மரபணு புதிய முறையில் இணையும். பழுதைச் சரிசெய்ய இருக்கும் அதே கருவியை உடல் தற்காப்புக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. மற்ற செல்களில் எஸ்.எம்.யு.ஜி.1 போன்ற நொதிகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. யு.என்.ஜி. நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு முதுமையில் பி-செல் நிணநீர்ப் புற்றுநோய் கூடுதலாக வந்தது உண்மையே. ஆயினும் அதிலிருந்து மனிதர்களைப் பற்றி உறுதியாக எதையும் சொல்வது முறையாகாது.

கேள்வி: நான் பணியாற்றும் ஆய்வகத்தில் பி.சி.ஆர். கலவையின் உறையில் யு.என்.ஜி. என்று அச்சிட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? (ஆய்வக உதவியாளர் ஒருவர்)

பதில்: ஒரே குடும்பம்தான். டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் சோதனைக்குழாயில் பல மடங்கு படியெடுக்கும் முறையே பி.சி.ஆர். அந்த வினையில் தைமினுக்கான மூலப்பொருளுக்குப் பதிலாக யுராசில் கொண்டதைச் சேர்த்தால், உருவாகும் படிகள் அனைத்திலும் யுராசில் இருக்கும். முந்தைய சோதனையின் படி ஒன்று காற்றிலோ குழாய்முனையிலோ தங்கி அடுத்த குழாயில் விழுந்துவிட்டால், பொய்யான முடிவு வரக்கூடும். வினை தொடங்குமுன் யு.என்.ஜி.யை விட்டால், அந்தப் பழைய படிகளின் யுராசில்கள் அகற்றப்பட்டு அவை மீண்டும் படியெடுக்க உதவாமல் போகின்றன. நோயாளியின் மாதிரியில் உள்ள இயல்பான டி.என்.ஏ.வுக்கு ஒன்றும் ஆவதில்லை. பின்னர் சூடேற்றும்போது நொதி செயலிழக்கிறது. ஆனால் ஈ. கோலையிலிருந்து பெறப்படும் நொதி, குளிர்ந்தபின் சிறிதளவு உயிர்த்தெழுந்து புதிய படிகளையும் தின்னக்கூடும். அதனால்தான் குளிர்கடலில் வாழும் காட் மீனின் யு.என்.ஜி.யும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒருமுறை சூடுபட்டால் அது மீள்வதில்லை. உங்கள் உறையில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள், பி.சி.ஆர். முடிந்த குழாய்களை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.