பழைய சிஜே-7 ஜீப்பில் ட்ரக் கியர்பாக்ஸ் மாற்றிப் பொருத்தலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கேட்டவரிடம் 1980-களின் சிஜே-7 ஜீப் இருக்கிறது. அதிலுள்ள 4 கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பிக்கப் ட்ரக்குகளில் வந்த என்வி4500 பெட்டியைப் போட்டால் வண்டிக்குப் பலம் கூடுமா என்கிறார். நான் இருப்பது கொலராடோவில். என்னிடம் இருப்பதும் சிஜே-7 தான், 1982 மாடல், 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இதே வேலையை என் கராஜிலேயே செய்தேன். இரண்டு சனி ஞாயிறில் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நான்கு மாதம் ஆனது.

போடலாம். ஆனால் பலத்துக்காகப் போடாதீர்கள். அந்த இன்ஜின் இழுக்கும் இழுவைக்கு வண்டியோடு வந்த டி-176 என்ற பழைய 4 கியர் பெட்டியே தாராளம். உங்கள் வண்டியில் முதலில் உடையப் போவது கியர்பாக்ஸ் இல்லை, பின் ஆக்சில். ஏஎம்சி 20 என்று பெயர். அதில் ஷாஃப்டும் ஹப்பும் தனித்தனியாக இருக்கும்; நடுவே சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டைச் செருகி, நட்டை முறுக்கி இறுக்கியிருப்பார்கள். பலவீனமே அந்த இணைப்புதான். கியர்பாக்ஸை ட்ரக் பெட்டியாக மாற்றினால் அந்த ஹப்புக்குப் போகும் முறுக்கு இன்னும் கூடும்.

அப்புறம் எதற்குத்தான் போடுவது? மெதுவாகப் போவதற்கு. என் வண்டிக் கணக்கையே சொல்கிறேன். டி-176 முதல் கியர் விகிதம் 3.52. முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டானா 300 ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவேக நிலை) 2.62. ஆக்சில் 3.54. மூன்றையும் பெருக்கினால் 32.6 வரும். அதாவது இன்ஜின் 32 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. என்வி4500-இன் முதல் கியர் 5.61, ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ட்ரக்குகளில் தொடக்கத்தில் வந்ததில் 6.34. என்னுடையது 5.61, ஆகவே பெருக்கல் 52. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில், 31 அங்குல டயரில், மணிக்கு ஒரு மைல் வேகம்தான் வரும். நடந்து போகிறவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

இது ஏறுவதைவிட இறங்குவதில்தான் தெரியும். யூரேயிலிருந்து டெல்லுரைடுக்கு இமோஜீன் பாஸ் வழியாக ஒரு மண் பாதை உண்டு. உச்சி 13,114 அடி. பழைய பெட்டியோடு அதில் இறங்கியபோது லோ முதல் கியரிலும் வண்டி உருண்டுகொண்டே போனது; பிரேக்கை மிதித்து மிதித்து, பாதி வழியிலேயே லைனிங் கருகிய வாசனை. இப்போது அதே இறக்கத்தில் என் வலது கால் தரையில் சும்மா இருக்கிறது. இன்ஜினே பிடித்துக்கொள்கிறது.

ஆனால் இந்தப் பலன் மட்டும் போதும் என்றால் கியர்பாக்ஸையே தொட வேண்டாம். டானா 300-க்கு 4:1 லோ பல் செட் தனியாகக் கிடைக்கிறது. 3.52-ஐ 4-ஆலும் 3.54-ஆலும் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 50. நான் நான்கு மாதம் மல்லுக்கட்டி எடுத்தது 52! நான் ஏன் பெட்டியை மாற்றினேன் என்றால் என் டி-176 ஏற்கெனவே மூன்றாம் கியரைக் கக்கிக்கொண்டிருந்தது, அதாவது போட்ட கியர் தானாகவே கழன்று வந்தது. எப்படியும் பிரித்துச் செலவு செய்தாக வேண்டும். இன்னொன்று, ஐந்தாவது கியர். அது 0.73 ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றினால் போதும். 65 மைல் வேகத்தில் 2,500 சுற்றில் கத்திக்கொண்டிருந்த இன்ஜின் இப்போது 1,800-இல் ஓடுகிறது. சமதளத்தில் சொர்க்கம். மலை நெடுஞ்சாலையில் ஏற்றம் வந்தால் நான்குக்கு, சில இடங்களில் மூன்றுக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். 33 அங்குல டயர் போட்டிருந்தால் ஐந்தாவது கியரை மறந்துவிடலாம்.

சரி, போடுவது என்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். எல்லாரும் பெட்டியின் எடையைப் பற்றிப் பேசுவார்கள். வார்ப்பிரும்பு, 88 கிலோ, உண்மைதான். கியர்பாக்ஸ் ஜாக் வாடகைக்கு எடுத்தால் தீர்ந்தது. தீராதது நீளம். சிஜே-7-இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, 93 அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். புதுப் பெட்டியும் அதை ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் அடாப்டரும் சேர்ந்ததில் என் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முக்கால் சாண் பின்னால் தள்ளிப் போனது. அந்த முக்கால் சாண், ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டில் குறையும். உயரம் அதேதான், ஷாஃப்ட் மட்டும் குட்டை. சாய்வு செங்குத்தாகி, 40 மைல் வேகம் தாண்டியதும் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு) அதிர ஆரம்பிக்கும். ஸ்ப்ரிங்கை உயர்த்திய வண்டி என்றால் இன்னும் மோசம். மேல்முனையில் இரட்டை கிராஸ் வைத்த ஷாஃப்ட் செய்து, ஸ்ப்ரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து, பினியன் மூக்கு (ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும்படி தூக்கிவிட்ட பிறகுதான் எனக்கு அதிர்வு நின்றது. சிஜே-5 என்ற குட்டை ஜீப் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அது 10 அங்குலம் இன்னும் குட்டை. அவர்களுக்குப் பழைய ஜிஎம் எஸ்எம்420 பெட்டி இருக்கிறது. நீளம் குறைவு, முதல் கியர் 7.05. ஆனால் நான்கே கியர், ஓவர்டிரைவ் இல்லை, முதல் கியருக்கு சிங்க்ரோவும் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இல்லை.

பெட்டி வாங்கும்போது பின்முனையைப் பாருங்கள். டூ வீல் டிரைவ் ட்ரக்கில் வந்ததற்கும் ஃபோர் வீல் டிரைவில் வந்ததற்கும் மெயின் ஷாஃப்ட் வேறு. நான் போன காயலான் கடையில் ஃபோர் வீல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மண்ணைத் துடைத்தால் டூ வீல். ஷாஃப்டை மாற்ற மொத்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்ததில் ஒரு நன்மை, ஐந்தாவது கியர் நட்டைக் கண்ணால் பார்த்தேன். டாட்ஜ் டீசல் ட்ரக்குகளில் இந்த நட் கழன்று ஐந்தாவது கியரே காணாமல் போவது பிரசித்தம். நம் பெட்ரோல் இன்ஜினுக்கு அந்த உதறல் இல்லை, ஆனாலும் கையோடு பூட்டு நட் போட்டுவிட்டேன்.

அடுத்து, யாரும் செய்யாத வேலை ஒன்று. இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கை மாட்டியதும், நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜை ஃப்ளைவீலில் பிடித்து வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, ஹவுசிங்கின் நடுத்துளை இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். 10 தௌவுக்குள் இருக்க வேண்டும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து. எனக்கு 14 காட்டியது. பெல் ஹவுசிங்தான் கோணல் என்று அதை விற்றவரைத் திட்டிக்கொண்டே கழற்றினேன். பார்த்தால் இன்ஜின் பக்கத்தில், ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின்னைச் சுற்றி நாற்பது வருடத் துரு பொருக்கு கட்டியிருந்தது. எமரி தாளால் தேய்த்து மறுபடி மாட்டினேன், 6. அந்த 14-ஓடு விட்டிருந்தால் இன்புட் பேரிங் சீக்கிரமே கத்தியிருக்கும், நானும் பெட்டியைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

பெட்டியை ஏற்றும்போது கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுத்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். பெட்டியில் போல்ட் போகும் காது உடையும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம்; இறக்கிச் சரிசெய்து ஏற்றுங்கள். நான் மூன்று முறை இறக்கினேன். கியர் ஆயில் ஜிஎல்-4 தரம் மட்டும்தான், சிந்தெடிக், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வீட்டில் கிடக்கும் ஆக்சில் ஆயில் ஜிஎல்-5 ஆக இருக்கும், அதை ஊற்றினால் சிங்க்ரோ போய்விடும்.

செலவா? பெட்டி விலையைப் போல இரண்டு பங்கு அதைச் சுற்றியிருக்கும் சாமான்களுக்குப் போனது. அடாப்டர், ஷாஃப்ட் இரண்டும், கிளட்ச், கிராஸ் மெம்பர். தரைத் தகட்டை வெட்டி லீவருக்குப் புது ஓட்டை போட்டதும் சேர்த்தி.

ரோட்டில் ஓட்டும்போது நான் இரண்டாவது கியரில்தான் வண்டியை எடுக்கிறேன். முதல் கியர் 10 மைல் வேகத்திலேயே அலற ஆரம்பித்துவிடும். நண்பர்கள் யாராவது ஓட்டினால் பழக்கதோஷத்தில் முதலில் போட்டு எடுத்து, சிக்னலைத் தாண்டுவதற்குள் பின்னால் வருகிறவரிடம் ஹார்ன் வாங்குவார்கள். கடைசியில் லீவர் குமிழில் வெள்ளை பெயிண்டால் “2-இல் எடு” என்று எழுதி வைத்துவிட்டேன். தமிழ் படிக்கத் தெரியாத நண்பர்கள் இன்னமும் ஹார்ன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.