அனாமத்துக் கணக்கில் தள்ளிய வித்தியாசம்

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவன். கணக்கியல் பேராசிரியர் ஸ்லைடுகளை அப்படியே வாசித்துவிட்டுப் போய்விடுகிறார். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்துதான் தேறுகிறேன். இருப்பாய்வில் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதிச் சமன் செய்துவிடுவேன். கட்டணம் கட்டுவது அக்கா. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: தம்பி, பேராசிரியரைப் பற்றி நீ எழுதியதில் புதிதாக ஒன்றுமில்லை. ஸ்லைடு வருவதற்கு முன் மஞ்சளேறிய நோட்டைப் பார்த்து வாசித்தார்கள். அவர் செய்வது தவறுதான். எப்படிக் கேள்வி வருமென்று எதிர்பார்க்கிறார்களோ அப்படித்தான் மாணவர்கள் படிக்கிறார்கள் என்று ஸ்வீடனில் மார்ட்டன், சால்யோ என்ற கல்வி ஆய்வாளர்கள் 1976-லேயே எழுதிவிட்டார்கள். அதில் உனக்கு ஒரு பங்கு நியாயம் உண்டு. அதோடு சரி.

அனாமத்துக் கணக்குக்கு வருகிறேன். ஏதோ கெட்டிக்காரத்தனம் போல, போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். பிழை அகப்படும்வரை வித்தியாசத்தை நிறுத்தி வைக்கும் இடம் அது. நீயோ அங்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் தூங்கப் போகிறாய்.

வித்தியாசம் 90 என்று வைத்துக்கொள். ஒன்பதால் வகுபடுகிறது, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-ஐ 450 என்று எழுதியிருப்பாய். இல்லையா, பாதியைத் தேடு: பற்றில் போகவேண்டிய 45 வரவில் ஏறியிருக்கலாம். பேரேட்டைப் புரட்டிப் புரட்டி அந்த ஒற்றைப் பதிவைப் பிடிக்கிற அரை மணி நேரத்தில்தான் எதையும் பற்றிலும் வரவிலும் எழுதுகிற இரட்டைப் பதிவு மண்டையில் ஏறும். எவ்வளவு நல்ல ஆசிரியரானாலும் அதை உனக்குப் பதிலாகச் செய்ய முடியாது. அந்த அரை மணியைத்தான் நீ மிச்சம் பிடிக்கிறாய்.

இருப்பாய்வு பொருந்திவிட்டாலும் கணக்கு சரியென்று அர்த்தமில்லை, தெரியுமா? இயந்திரம் வாங்கிய தொகையைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதிப் பார். இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தும். லாபம் மட்டும் குறைந்து நிற்கும். ஏனென்று வினாத்தாளைப் பார்க்காமல் சொல்வாயா?

அக்காவை மூன்றே சொல்லில் முடித்துவிட்டாய். இந்த வழக்கத்தை அவளிடம் சொல்லியிருக்கிறாயா? வீட்டில் ஒருத்தி உழைத்து இன்னொருவனைப் படிக்க வைத்தால் அது கடன் என்பது என் கட்சி. பழைய காலத்து ஆள் என்று சொல்வாய், சொல்லிக்கொள். பேராசிரியர் சரியில்லை என்பதற்காக அந்தக் கடன் தள்ளுபடி ஆகாது.

பாடம் மாறுகிற பேச்சு இப்போது வேண்டாம். போன பருவத்தில் அனாமத்தில் தள்ளிய கணக்குகளை எல்லாம் எடு. பிழையைக் கண்டுபிடித்து, ஓரத்தில் காரணத்தை ஒரு வரி எழுது. பிடிபடாததை எடுத்துக்கொண்டு அந்தப் பேராசிரியரின் அறைக்கே போ. ஸ்லைடு கையில் இல்லாதபோது அவர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.