குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது, பாலே குழுவில் திரும்பச் சேரச் சொல்கிறார்கள். உடம்பு தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நானும் பாலே குழுவில் வேலை செய்பவள்தான், குழந்தை பெற்று மேடைக்குத் திரும்பியவள். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன். கால் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்து முடிவு பண்ணாதீர்கள். போகும். சிலருக்கு முன்பைவிட உயரமாகவே போகும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. பிரசவத்துக்குப் பிறகு அந்த ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் தளர்ந்த நார்கள் அதே வேகத்தில் இறுகுவதில்லை, மாதக்கணக்கில் ஆகும். நாமோ ஏற்கெனவே வளைகிற உடம்புக்காரர்கள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டித் தூக்கும் அரபெஸ்க் கண்ணாடியில் அழகாகத் தெரியும், பயிற்றுநர் 'பரவாயில்லையே, அப்படியே இருக்கிறாய்' என்பார். அந்தக் காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடுப்புத் தசைகளும் அடிவயிற்றுத் தசைகளும் இன்னும் பாதிப் பலத்துக்குக்கூட வந்திருக்காது. இந்தச் சமயத்தில் கால்களை நேராக விரித்து ஸ்ப்ளிட்டில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பது வீண் வேலை. வேண்டியது பலம்.

வயிறும் அப்படித்தான், தட்டையாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் பள்ளமாக இறங்கினாலோ, அந்த இடம் கூரை முகடு மாதிரி எழும்பினாலோ, இரண்டு பக்கத் தசைகளும் இன்னும் விலகித்தான் இருக்கின்றன. இது வீட்டில் பார்க்கிற முதல் சோதனை, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிந்தைய உடம்பை அறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இதையும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லட்டும். சிசேரியன் என்றால் தழும்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். அலெக்ரோவில், அதாவது வேகமான குதிப்புப் பகுதியில், குதிக்கும்போது சிறுநீர் கசிவது. உடை மாற்றும் அறையில் சிரித்துக் கடந்துவிடுகிறோம், பேட் வைத்துக்கொண்டு கறுப்பு டைட்ஸ் போட்டுச் சமாளிக்கிறோம். பலருக்கும் வருவதுதான், ஆனால் 'குழந்தை பெற்றால் அப்படித்தான்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. முறையான பயிற்சியில் பெரும்பாலும் நன்றாகக் குறையும். குதித்த பிறகு கீழே ஏதோ இறங்குவது போலக் கனமாக இருந்தால் அன்றே குதிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

2019-இல் பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். பிரசவமாகி மூன்று மாதத்துக்கு முன் ஓட வேண்டாம் என்பது அதன் சாரம். அது சாதாரண ஓட்டத்துக்குச் சொன்னது. கிராண் ஜெத்தே என்ற பெரிய தாவலில் பாய்ந்து ஒற்றைக் காலில் இறங்குவது அதைவிட எவ்வளவோ கடுமை. ஆகவே உங்கள் மூன்று மாதக் கணக்கை ஆரம்பக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பால் கொடுக்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்திய பிறகு மீளும். பாத எலும்புகளில் நுண்முறிவு நமக்குப் புதிதல்ல. பழைய உடை பொருந்த வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கிற நேரம் இதுவல்ல.

வகுப்பின் அமைப்பே நல்ல வழிகாட்டி. முழங்காலை மடக்கும் பிளியே, காலை நீட்டும் தாண்டூ என்று பார் எனும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, அறையின் நடுத்தளத்துக்கு வந்து, சுழன்று, கடைசியில்தானே குதிக்கிறோம்? திரும்பி வரும்போதும் அதே வரிசையில் வாருங்கள். முதலில் பாரோடு நிறுத்தம். எல்லோரும் நடுத்தளத்துக்கு நகரும்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது எளிதில்லை, உங்களுக்குப் பதிலாக ஆடுகிறவளும் அதே அறையில்தான் நிற்பாள். பரவாயில்லை, கிளம்புங்கள். விரல் நுனியில் நிற்கப் போடும் பாயிண்ட் ஷூவை அவசரமாக எடுக்காதீர்கள். சாதாரண ஷூவில் ஒற்றைக் காலில் இருபது, இருபத்தைந்து முறை கணுக்கால் ஆடாமல் குதிகாலைத் தூக்கி எழும்ப முடிந்த பிறகு பார்க்கலாம். சேர்த்து வைத்த பழைய ஜோடிகளை நம்ப வேண்டாம். கர்ப்பத்தில் பலருக்குப் பாதம் நீளவும் அகலவும் செய்யும், வளைவு கொஞ்சம் தாழும். மறுபடி அளவெடுத்து வாங்குங்கள்.

சுழன்று ஆடுவதுதான் எனக்குக் கடைசியில் திரும்ப வந்தது. பால் கட்டிய மார்போடு ஒற்றைக் காலில் சுழலும் பிரவெட் எடுத்தால் அச்சு முன்னால் இழுக்கும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வகுப்புக்கு முன் பால் எடுத்துவிட்டுப் போவது பெரிய வித்தியாசம் தரும். மேடை உடையின் மேல்பகுதி பழைய அளவில் தைத்தது, முதுகுக் கொக்கிகள் எட்டாது. எனக்கு உடைப் பிரிவில் இருந்த அக்கா தையலைப் பிரித்து இரு பக்கமும் ஒரு பட்டை வைத்துத் தந்தார். வெட்கப்படாமல் கேளுங்கள். இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றால் பால் குழாய் அடைத்துக் காய்ச்சலில் போய் நிற்கும்.

முன்மாதிரிகள் நிறைய இருக்கிறார்கள். அலெக்ரா கென்ட், மூன்று குழந்தைகளுக்குத் தாயாகியும் நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடினார், தன் நடனப் பெண்கள் தாயாவதை விரும்பாத இயக்குநர் பாலன்ஷைன் தலைமையில். டார்சி பஸ்ஸல் லண்டன் ராயல் பாலேக்கும், ஸ்வெட்லானா ஸாகரோவா போல்ஷோய்க்கும் பிரசவத்துக்குப் பிறகு திரும்பினார்கள். இவர்களைப் பார்த்துத் தைரியம் வரட்டும், ஆனால் அவர்கள் திரும்பிய தேதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதன்மைக் கலைஞருக்குத் தனிப் பயிற்சி, தனி ஒத்திகை, நடுவில் ஓய்வு நாட்கள் உண்டு. குழு நடனத்தில் இருப்பவளுக்குத் தினமும் மேடை. 'ஸ்வான் லேக்' பாலேயின் அன்னப் பறவை வரிசையில் அசையாமல் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பது இடுப்பு மூட்டுக்கு என்ன செய்யும் என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

அதனால் முதல் வேடத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 'ஸ்வான் லேக்'கில் நாயகி ஒற்றைக் காலில் தொடர்ந்து சுழலும் 32 ஃபுவெத்தே கேட்டு நிற்காதீர்கள். இளவரசனின் தாய் வேடம் கொடுத்தால் 'அதற்குள் கிழவியாக்கிவிட்டார்களே' என்று கோபம் வரும். வாங்கிக்கொள்ளுங்கள், நடையும் நடிப்பும்தான், மேடை பழகும்.

கடைசியாக நிர்வாகம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது உடன்படிக்கை (2000) மகப்பேறு விடுப்புக்குக் குறைந்தபட்சமாக வைத்தது 14 வாரம். பால் கொடுக்க வேலை நேரத்தில் இடைவேளையும் அதில் உண்டு. உங்கள் நாடு அதை ஏற்றதா, ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். காலை வகுப்பு, மாலை வரை ஒத்திகை, இரவு நிகழ்ச்சி என்று ஓடும் நாளில், பால் எடுக்க எப்போது இடைவேளை, தாழ்ப்பாள் உள்ள அறை எது, வைக்க ஃபிரிட்ஜ் எங்கே, குதிக்கும் வேடங்கள் எப்போதிலிருந்து, எல்லாவற்றையும் சேருவதற்கு முன்பே கேளுங்கள். இயக்குநரைப் பார்ப்பதற்கு முன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், அவர் எழுதித் தரும் அறிக்கை கையில் இருந்தால் பேச்சு சுலபம். 'வா, பார்த்துக்கொள்ளலாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று மாலையே பேசியதை எல்லாம் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.