செல்ஃப் சுத்துது, இன்ஜின் அசையலை: கொஞ்சம் தள்ளினால் மட்டும் எடுப்பது ஏன்?

கேள்வி: அண்ணே, கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு வழியா வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகிற பழைய டீசல் ஜீப் என்னுது. நாலு சிலிண்டர். ரெண்டு மாசமா சாவியைத் திருப்பினா செல்ஃப் ‘விர்ர்’னு தனியா சுத்துது, இன்ஜின் அசையலை. சில நேரம் ‘கர்ர்’னு ஒரு உரசல். நாலஞ்சு தடவை திருப்பினா ஒரு தடவை எடுக்கும். இல்லேன்னா கியரைப் போட்டு வண்டியை ஒரு முழம் தள்ளிவிட்டா அடுத்த திருப்பில் எடுத்துடும். பேட்டரி புதுசா மாத்திட்டேன். கட்டப்பனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாரையே மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காசு போட்டுப் புது மோட்டார் மாட்டினாலும் இதே குறை திரும்ப வர வாய்ப்பு அதிகம். ‘ஒரு முழம் தள்ளிவிட்டா எடுத்துடும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். மோட்டாரில் கோளாறு இருந்தால் வண்டியைத் தள்ளுவதால் அது சரியாகாது. கியர் போட்டுத் தள்ளும்போது திரும்புவது இன்ஜின் தண்டின் பின்முனையில் இருக்கும் கனத்த சக்கரம், அதாவது ஃபிளைவீல். அதனால் என் முதல் சந்தேகம் ஃபிளைவீலைச் சுற்றி இறுக்கியிருக்கும் பல் வளையமான ரிங் கியர் மேல்தான்.

சாவியைத் திருப்பியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை மனசில் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் முதுகில் இருக்கும் சொலினாய்டு என்ற கம்பிச்சுருள் காந்தமாகித் தன் உள்ளே ஓடும் இரும்புத் தண்டான பிளஞ்சரை இழுக்கும். பிளஞ்சர் நெம்புகோலான ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் பெண்டிக்ஸை முன்னால் தள்ளும், பெண்டிக்ஸ் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியன் ரிங் கியர் பல்லுக்குள் போய் உட்காரும். பிளஞ்சர் கடைசிவரை போன பிறகுதான் உள்ளே இருக்கும் இரண்டு செம்பு போல்ட்டுகள் சேர்ந்து மோட்டாருக்கு முழு கரண்ட் பாயும். முதலில் பல் கோக்க வேண்டும், பிறகுதான் சுற்று. பினியனுக்கு 9, 10 பல் இருக்கும். ரிங்குக்கு 100க்கு மேல். அந்தக் கணக்கில்தான் சின்ன மோட்டார் பெரிய டீசல் இன்ஜினைப் புரட்டுகிறது.

பெண்டிக்ஸ் என்று நாம் சொல்வது வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர். அவர் செய்த பழைய வகையில் தள்ளிவிட ஃபோர்க் கிடையாது. மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பினியன் திருகுமரையில் ஓடிப்போய்ப் பல்லைப் பிடிக்கும். இன்றைய வண்டியில் இருப்பது ஒருபக்கமாக மட்டும் பிடிக்கும் கிளட்ச். பொருள் மாறிவிட்டது, ஒர்க்‌ஷாப்பில் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

உங்கள் வண்டியில் மோட்டார் ‘விர்ர்’ என்று நல்ல வேகத்தில் சுற்றுகிறது. அப்படியென்றால் பேட்டரி, சாவி, சொலினாய்டின் செம்பு, மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், உள்ளே சுற்றும் பாகமான ஆர்மேச்சர் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. புது பேட்டரி வாங்கியது, மன்னிக்கவும், இந்தக் குறைக்குச் சம்பந்தமில்லாத செலவு. சுற்று இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இடையில் இருப்பவை ஃபோர்க், பெண்டிக்ஸ், ரிங் கியர் என்று மூன்றே பொருள்கள்.

நாலு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போது அது நினைத்த இடத்தில் நிற்காது. ஏதாவது ஒரு சிலிண்டரின் காற்றழுத்தம் எதிர்த்துத் தள்ள, ஏறக்குறைய ஒரே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அந்த இரண்டும் ஃபிளைவீலில் நேர் எதிரெதிரே இருக்கும். மூன்று சிலிண்டர் என்றால் மூன்று இடம். அதனால் பினியன் தினமும் வந்து இடிப்பது அதே சில பற்களில். உங்கள் ஜீப் விடிகாலை கம்பத்தில் ஒரு தடவை, ஆள் ஏற்ற நிற்கும் இடமெல்லாம் ஒரு தடவை, எஸ்டேட்டில் ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது மறுபடி என்று செல்ஃப் அடிக்கும் வண்டி. ரிங்கில் முக்கால்வாசிப் பல் புதுசு போல இருக்கும்போதே அந்த இரண்டு இடம் மட்டும் தேய்ந்து போகும். ஒரு முழம் தள்ளினால் நல்ல பல் பினியனுக்கு நேரே வருகிறது. உடனே எடுக்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். இன்ஜின் முன்பக்கம் ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி இருக்கிறதல்லவா, அதுவும் ஃபிளைவீலும் ஒரே தண்டின் இரண்டு முனைகள். புல்லியைத் துடைத்துவிட்டு விளிம்பில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம், ஒவ்வொரு தடவையும் செல்ஃப் அடிக்கும் முன்னால் பானட்டைத் தூக்கி அந்தக் கோடு கடிகாரத்தில் எத்தனை மணி பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பி, எடுத்ததா இல்லையா என்று ஒரு தாளில் குறியுங்கள். எடுக்காத நேரமெல்லாம் கோடு 2 மணியிலோ அதற்கு எதிரே 8 மணியிலோ நின்றால், அதாவது குறிப்பிட்ட ஒரே இடங்களில் மட்டும் மறுத்தால், குற்றவாளி ரிங் கியர். கோடு எங்கே நின்றாலும் மனம் போனபடி மறுத்தால் பெண்டிக்ஸ். செலவில்லாத இந்த ஒரு தாள், எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உங்கள் பக்கம் பேசும்.

இதை நான் கற்றுக்கொண்டது பிறர் காசில் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கூடலூர் ஜீப் ஒன்றுக்கு இதே ‘விர்ர்’ சத்தத்துக்கு இரண்டு தடவை பெண்டிக்ஸ் மாற்றினேன். இரண்டு தடவையும் பத்து நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றது. மூன்றாம் தடவை விடிகாலை நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். தூக்குவாளியோடு ஏழெட்டுப் பெண்கள் சாக்கை மடித்துப்போட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மலை ஏறாவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். ரிங் பல் தேய்ந்த கருக்கரிவாள் மாதிரி இருந்தது. மோட்டார் பக்கத்து விளிம்பு முழுக்க மழுங்கி, அடியில் பளபளவென்று இரும்புத்தூள். முதல் நாளே அந்த ஓட்டைக்குள் பார்த்திருந்தால் அந்த ஓட்டுநருக்கு இரண்டு பெண்டிக்ஸ் காசு மிஞ்சியிருக்கும்.

நீங்களும் பார்த்துவிடுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மோட்டாரை இறக்கிய பிறகு ஒருவர் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்ற, நீங்கள் ஓட்டை வழியே ஒரு முழுச் சுற்றும் பல்லைப் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள்.

ரிங் தேய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் இறக்கியே ஆக வேண்டும். பழைய ரிங்கைச் சூடாக்கித் தட்டி எடுத்து, 90 டிகிரி திருப்பிப் போட்டால் நல்ல பல் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும் என்று பழைய மெக்கானிக்குகள் சிலர் சொல்வார்கள். பொய்யில்லை, நாலு சிலிண்டருக்கு அந்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் கியர்பாக்ஸ் இறக்கும் கூலி எப்படியும் போகப்போகிறது; அந்த நேரத்தில் புது ரிங் போடுவதே புத்தி. ரிங்கைக் கவிழ்த்துப்போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பினியன் வழுக்கி நுழைவதற்காகப் பல்லின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், கவிழ்த்தால் அந்தச் சரிவு மறுபக்கம் போய்விடும். புது ரிங்கைச் சீராகச் சூடாக்கி, விரிந்த நிலையில் ஃபிளைவீல் மேல் உட்கார வைக்க வேண்டும். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டிச் சிவக்க வைத்தால் பல்லின் கடினம் போய்விடும். பினியனையும் நகத்தால் தடவிப் பாருங்கள், முனை மழுங்கியிருந்தால் பெண்டிக்ஸையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பினியன் புது ரிங்கைத் தின்றுவிடும்.

உங்கள் தாள் பெண்டிக்ஸைக் காட்டினால் வேலை சுலபம். கழற்றிய மோட்டாரில் பினியனைக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் லேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் ஆர்மேச்சரோடு சேர்ந்து இறுகிப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. பிடிக்கிறது என்றால் அது தண்டின் மரையில் தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓடுகிறதா, ஃபோர்க் உடைந்திருக்கிறதா பாருங்கள். மலைப்பாதைச் சேறும் வண்டியின் கிளட்ச் தட்டுத் தூசும் கிரீஸோடு சேர்ந்து களிமண் மாதிரி இறுகி, பினியனைப் பாதி வழியில் நிறுத்திவிடும். மரையைத் துடைத்து மெல்லியதாக மட்டும் கிரீஸ் தடவுங்கள். பெண்டிக்ஸை டீசலில் ஊறப்போட்டுக் கழுவுகிறார்கள், அது தப்பு. உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்து கிளட்ச் சீக்கிரம் வழுக்கும்.

உங்களோடு நிற்கும் மற்ற ஜீப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தம் ‘டக டக டக’ என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் பக்கம் போங்கள். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுசு. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகம். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் சேசிஸுக்கு, அதாவது வண்டிச் சட்டத்துக்குப் போகும் பின்னல் எர்த் வயர் அறுந்தாலும் இதே கதைதான். சாவிக்குச் சத்தமே இல்லாமல், மோட்டாரைத் தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சொலினாய்டுக்குள் இழுக்க ஒரு சுருள், பிடித்து நிறுத்த ஒரு சுருள் என்று இரண்டு உண்டு. இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைப்பது மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான். பிரஷ் தொடாவிட்டால் சொலினாய்டும் இழுக்காது. இது தெரியாமல் சொலினாய்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

வேலை முடியும்வரை, எடுக்கவில்லை என்றால் மோட்டார் சுற்று முழுதாக நின்ற பிறகே மறுபடி சாவியைத் திருப்புங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே திருப்பினால் நல்ல பல்லும் போகும். தள்ளும்போது யாரையும், முக்கியமாக உங்கள் வண்டியில் வரும் பெண்களை, சரிவில் வண்டிக்குப் பள்ளத்துப் பக்கம் நிற்க விடாதீர்கள். உங்களுடையது இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் உள்ள பழைய டீசல் என்றால், சாவி ஆஃபில் இருந்தாலும் கியரில் தள்ளும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளும். பல்லை மாற்ற மட்டும்தான் தள்ளுகிறீர்கள் என்றால் அந்தக் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டே தள்ளச் சொல்லுங்கள். பிறகு நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கேபிளை விட்டுவிட்டுச் சாவிக்குப் போங்கள்.