திபெத்திய மாத்திரையும் சர்க்கரை நோயும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கர்நாடகத்தில் திபெத்தியர் வாழும் பைலகுப்பே போய்வந்த என் அண்ணி, சர்க்கரைக்கு என்று திபெத்திய உருண்டை மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஒரு பொட்டலத்தில் ‘யுங்வா 4’, இன்னொன்றில் ‘கியூரா 6’ என்று எழுதியிருக்கிறது. நான்கு வேளை, ஆறு வேளை என்று அர்த்தமா? (வாசகி, ஓசூர்)

பதில்: இல்லை. அந்த எண் மருந்தில் சேரும் சரக்குகளின் கணக்கு, முன்னால் உள்ள சொல் தலைமைச் சரக்கின் பெயர். யுங்வா என்றால் மஞ்சள், கியூரா நெல்லி, அரு கடுக்காய், சுக்மெல் ஏலக்காய். யுங்வா 4-இல் மஞ்சள், மரமஞ்சள் பட்டை, நெல்லிவற்றல், நெருஞ்சில் நான்கும் சேர்கின்றன. எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் 11-ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டதால் இந்த உறவு வியப்பில்லை. அதற்காக வீட்டில் கண்ணளவாக இடித்துக் கலக்க வேண்டாம். அளவு மாறினால் அது வேறு மருந்து.

‘ரில்பு’ எனப்படும் இந்த உருண்டைகள் கல்லாக இருக்கும். முழுசாக விழுங்கினால் கரையாமலே வெளியேறிவிடக்கூடும், பிறகு ‘மருந்து பலிக்கவில்லை’ என்பார்கள். சுத்தமான துணியில் முடிந்து குழவியால் தட்டி, வெந்நீரில் குடிக்க வேண்டும். பல் உறுதியானவர்கள் மென்று தின்னலாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ எடுப்பது வழக்கம். காலைக்கும் மதியத்துக்கும் இரவுக்கும் வெவ்வேறு மாத்திரை தருவார்கள், பொட்டலங்களை ஒரே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள்.

முக்கியமாக, அண்ணியின் நாடி பார்த்துக் கொடுத்தது அண்ணிக்கே. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே ஆம்ச்சியிடம் (திபெத்திய வைத்தியர்) போய்க் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். திபெத்திய மாத்திரையையும் சேர்க்கலாமா? அவற்றை நிறுத்திவிடலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: நிறுத்தவே கூடாது. சேர்ப்பதானால் உங்கள் டாக்டருக்குத் தெரிந்தே சேருங்கள். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் தானே சர்க்கரையைக் குறைக்கும். கிளிமிபிரைடோ சாப்பாடு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இரண்டும் கூடும் நாளில் மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை வரும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் சர்க்கரையை (சுமார் 3 டீஸ்பூன்) தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்துக் குறித்து வையுங்கள். ஹெச்பிஏ1சி சோதனைக்கு அவசரம் வேண்டாம், அது ஏறக்குறைய 3 மாதச் சராசரி. கடுக்காய் சேர்ந்த மருந்தில் சிலருக்கு வயிறு இளகும், மெட்ஃபார்மினும் அதையே செய்யும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது காரணம் என்றே தெரியாது. டைப் 1 நோயாளிகள் இன்சுலின் ஊசியை ஒரு வேளைகூட இதற்காக விடக் கூடாது.

கேள்வி: ஆய்வு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் தரம்சாலாவில் உள்ள மென்-ட்சீ-காங் என்ற திபெத்திய மருத்துவ நிறுவனமும் சேர்ந்து செய்தது, 2001-இல் ‘டயபடீஸ் கேர்’ இதழில் வந்தது. டைப் 2 நோயாளிகள் 200 பேர், 24 வாரம். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு கியூரா 6, அரு 18, யுங்வா 4, சுக்மெல் 19 ஆகிய நான்கில் பொருத்தமானவை. மருந்து எடுத்தவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கியது. ஆனால் அவர்கள் நோய் புதிதாகத் தெரிந்தவர்கள் அல்லது சிகிச்சையே தொடங்காதவர்கள். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

கேள்வி: சிறுநீரைக் குச்சியால் கலக்கிப் பார்த்தே சர்க்கரை அளவு சொல்வார்களாமே?

பதில்: அளவு சொல்ல முடியாது. விடியற்காலைச் சிறுநீரை வெள்ளைக் கிண்ணத்தில் கலக்கி நிறம், ஆவி, நுரை, வாடை பார்ப்பார்கள். லூங், திரிபா, பேகன் என்ற மூன்று தோஷங்களில் எது கெட்டிருக்கிறது என்று கணிக்கத்தான் அது. எண் வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனைதான்.

கேள்வி: பட்டுத் துணியில் கட்டிய ‘ரின்சென்’ மாத்திரை சர்க்கரைக்கு நல்லதா?

பதில்: அது சர்க்கரைக்கான மருந்தில்லை. சில ரின்சென் வகைகளில் சுத்தி செய்த பாதரசமும் உலோகங்களும் சேர்கின்றன. சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிகள் தொடவே வேண்டாம். சாலையோரக் கூடாரத்தில் ‘திபெத் மூலிகை’ என்று விற்கும் பொடியும் அப்படித்தான். இரண்டே நாளில் சர்க்கரை தடாலென இறங்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கிலச் சர்க்கரை மாத்திரையை இடித்துக் கலந்து மூலிகை என்று விற்பதுண்டு.