கடலுக்கும் முறை உண்டு – வாசகர் கேள்வி பதில்

மீனவர் வாழ்க்கை பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், தபால்லயும் வாட்ஸ்அப்லயும் நெறைய வந்துச்சு. அதுல ஆறு மட்டும் இங்க. நான் நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர்ல வளந்தவ, அதனால ஒன்னு ரெண்டு பதில் நீளமாத்தான் இருக்கும், சுருக்க மனசு வரல.

பழவேற்காடு ஏரிக்கு குடும்பத்தோட போயிருந்தோம். ஒரு அண்ணன் படகுல சும்மா உக்காந்திருந்தாரு. மீன் பிடிக்கப் போகலையான்னு கேட்டா "இன்னிக்கு நம்ம பாடு இல்ல சார்"ன்னாரு. தண்ணி எல்லாருக்கும் பொதுதானே, அதுல என்ன அவர் பாடு இவர் பாடு? – சேலம் வாசகர்

அந்த அண்ணன் சொன்ன ஒத்த வார்த்தைக்குள்ள ஒரு சட்டமே இருக்கு சார். அது புரியணும்னா மொதல்ல ஏரி புரியணும். ஒடிசால இருக்குற சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான், பெரும்பகுதி ஆந்திராவுல கெடக்கு, தெக்கு ஓரம் மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டம். ஒரு பக்கம் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணி கொண்டாந்து விடுது, இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியா கடல் உள்ள வருது. இறால் முட்டை விடுறது கடல்ல, ஆனா குஞ்சு வளர்றது ஏரிக்குள்ள, சேத்துல மேஞ்சு பெருசானதும் வந்த வழியே திரும்ப கடலுக்குப் போயிடும். ஆக ஏரி பூரா தண்ணி இருந்தாலும் இறால் போக வர இருக்குற தடம் கொஞ்சம்தான், அதுலயும் அள்ள அள்ளக் கிடைக்குற எடம் ஒன்னு ரெண்டுதான்.

இப்ப நூத்துக்கணக்கான பேரு அந்த ஒன்னு ரெண்டு எடத்துக்கே ஓடுனா என்ன ஆகும், வெட்டுக்குத்துதான். அதுக்குத்தான் பாடு. யார் யாருக்கு உரிமைன்னு குப்பத்துல பேர் பட்டியல் இருக்கும், ஊர் கூடி சீட்டு எடுப்பாங்க, யாருக்கு எந்த எடம் எந்த நாள்னு அதுல முடிவாகும், அப்புறம் முறை சுத்தி வரும். கழி நட்டு சுத்துவலை கட்டுறவங்க அவங்க முறையிலதான் கட்டணும், பக்கத்து எடத்துல இறால் துள்ளுனாலும் பாத்துட்டு உக்காந்திருக்கணும். நீங்க பாத்த அண்ணன் சோம்பேறி இல்ல, வரிசையில நின்னுட்டு இருந்தாரு. இன்னிக்கு எனக்கு மோசமான எடம் விழுந்தா நாளைக்கு நல்ல எடம் விழும்ங்கற நம்பிக்கையிலதான் அத்தனை பேரும் பொறுத்துப் போறாங்க. போலீஸ் வந்து நிக்கல, கலெக்டர் ஆபீஸ்ல பட்டா கொடுக்கல, ஊர்க்காரங்க வாய்ச்சொல்லுல நடக்குது. இலங்கையில நீர்கொழும்பு களப்புலயும் (அங்க உவர்நீர் ஏரியை அப்படித்தான் சொல்லுவாங்க) கட்டுவலைக்கு சீட்டு போட்டுத்தான் எடம் பிரிக்கிறாங்க.

தமிழ்ல கஷ்டத்துக்கும் பாடுன்னுதான் சொல்றோம், கடக்கரையில கிடைச்சதுக்கும் "இன்னிக்கு மீன்பாடு எப்படி"ன்னுதான் கேக்குறோம். எனக்கு சின்ன வயசுலேர்ந்து இது ஒரு ஆச்சரியம்.

ஆனா பெருமை மட்டும் பேசிட்டுப் போனா அது நேர்மை இல்ல. அந்தப் பட்டியல் சாதியையும் குப்பத்தையும் வச்சு போட்டது, அதே ஏரியை நம்பி வாழுற மத்த ஜனங்களுக்கு அதுல எடம் இல்ல, எடம் கேட்டு சண்டையும் வந்திருக்கு. பொம்பளைங்க பேர் அதுல கிடையாது. இன்னொன்னு, முகத்துவாரம் மணல் மூடிக்கிச்சுன்னா குஞ்சு உள்ள வராது, அப்ப யாருக்கு எந்தப் பாடு விழுந்தா என்ன, எல்லார் வலையும் காலிதான். சீட்டுப் போட்டு எடத்தைத்தான் பங்கு பிரிக்க முடியும், இல்லாத இறாலை எங்க பிரிக்கிறது. முகத்துவாரத்தை தூர் வாருங்கன்னு அந்த ஜனங்க கத்துறது இதுக்குத்தான்.

பழவேற்காடு பக்கம் பெண்கள் பல்லுல ஏதோ கூடையைக் கடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள நடந்து போறாங்களே, அது என்ன? – கோவை வாசகி

அது பறி. பனையோலையில பின்னுனது, வாய் குறுகி வயிறு பெருத்து இருக்கும். அவங்க இருளர் பெண்கள். வலையும் கிடையாது படகும் கிடையாது, ரெண்டு கைதான் கருவி. பறியோட விளிம்பை பல்லுல கவ்விக்கிட்டு இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சில சமயம் தாடை வரைக்கும் முங்கி, சேத்தை விரலால தடவிக்கிட்டே நகருவாங்க. இறால் விரல்ல பட்டதும் துள்ளும் பாருங்க, அந்த ஒரு நொடியில அமுக்கி தூக்கி பறிக்குள்ள போடணும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, எல்லாமே விரல் நுனி சொல்றதுதான். கை ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கறதாலதான் பறி பல்லுக்குப் போச்சு.

மணிக்கணக்கா உப்புத்தண்ணியில ஊறுன அந்த விரலைப் பக்கத்துல பாத்திருக்கேன். நகத்தோரம் வெடிச்சு, இறால் முள்ளு குத்துன எடம் ஆறாம, அதுமேலயே திரும்ப குத்தி... அந்தக் கையாலதான் மறுநாளும் எறங்குறாங்க. எண்ணூர் கழிமுகத்துலயும் இந்தத் தொழில் இருந்துச்சு, இருக்கு. ஆனா அங்க அனல்மின் நிலைய சாம்பல் படிஞ்சு தண்ணியோட ஆழமே கொறைஞ்சு போச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வேற கலந்து வந்து கரை பூரா அப்பிக்கிச்சு, அதை மீனவங்களே பக்கெட்டும் மக்கும் வச்சு அள்ளுனதை டிவியில பாத்திருப்பீங்க. வலை போடுறவன் கொஞ்சம் தள்ளிப் போயாவது போடலாம், கையால தடவிப் பிடிக்குறவங்க எங்க போறது? நஷ்டஈட்டு லிஸ்ட் எழுதும்போது படகு இருக்கா வலை இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, பறி இருக்கான்னும் கேளுங்கன்னு எனக்கு சொல்லத் தோணுது.

கேட்டமரான்னு இங்கிலீஷ்ல சொல்றது நம்ம கட்டுமரம்தானா? – திருநெல்வேலி, கல்லூரி மாணவர்

வார்த்தை நம்மளுது, பொருள் மாறிப் போச்சு தம்பி. அவங்க சொல்றது ரெண்டு உடம்பு வச்ச படகு. நம்மளுது லேசான மரத்தடிங்களை பக்கத்துல பக்கத்துல வச்சு கயித்தால இறுக்கிக் கட்டுறது. குழிவே கிடையாது, அதனால தண்ணி ஏறி முழுகுறதும் கிடையாது, அலை மேல வந்தா இடுக்கு வழியா கீழ எறங்கிடும். கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து தடிகளை மணல்ல தனித்தனியா காயப் போடுவாங்க, ஊறுன மரம் கனத்துப் போயிடும்ல. எங்க தாத்தா அந்தக் கயிறு கட்டுறப்ப காலால தடியை மிதிச்சு உடம்பையே பின்னால சாச்சு இழுப்பாரு, முடிச்சு போடுற வரைக்கும் மூச்சு விடமாட்டாரு. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் படகு ஏகமா வந்து எறங்குச்சு, கட்டுமரம் அதோட ஓரத்துக்குப் போயிடுச்சு.

கரைவலை இழுக்கும்போது பாடுவாங்களே, "ஏலேலோ ஐலசா", அதுக்கு அர்த்தம் என்ன? இப்பவும் பாடுறாங்களா? – மதுரை வாசகர்

கடக்கரையில அதுக்குப் பேரு அம்பா. ஏலேலசிங்கன்னு ஒரு பெரிய கப்பல் வியாபாரி இருந்தாரு, திருவள்ளுவருக்கு வேண்டப்பட்டவரு, அவர் பேரைச் சொல்லித்தான் பாடுறோம்னு பெரியவங்க கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, என்னைக் கேட்டா அந்த சத்தத்துக்கு அர்த்தம் வேலைக்குள்ளதான் இருக்கு.

கரைவலைன்னா ஒரு கயித்தோட முனையை கரையில விட்டுட்டு, படகுல வலையை அரைவட்டமா கடலுக்குள்ள எறக்கிட்டே போய், இன்னொரு முனையை கொஞ்சம் தள்ளி கரைக்குக் கொண்டு வருவாங்க. நடுவுல மடி இருக்கும், மீன் வந்து சேர்ற பை. இப்ப ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுக்கணும், முப்பது பேருக்கு மேலயும் நிப்பாங்க. ஒரு பக்கம் வேகமா இழுத்துட்டா வலை கோணிக்கும், மடி திரும்பிக்கும், மீன் பூரா வெளிய. அலை உள்ள இழுக்குறப்ப பிடிச்சு நிக்கணும், அலை கரைக்கு தள்ளுறப்ப எல்லாரும் ஒரே நேரத்துல பின்னால காலெடுத்து வைக்கணும். அதை யார் சொல்றது? பாட்டுதான் சொல்லும். ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பாரு, மத்தவங்க ஏலேலோன்னு திருப்பிச் சொல்லும்போது கால் தானா பின்னால போகும். அடி எடுத்துக் குடுக்குறவருக்கு மரியாதை தனி. கடன் கொடுத்தவன், மச்சினிச்சி, மாதா, முருகன், அன்னிக்குக் காலையில ஊர்ல நடந்த சண்டைன்னு எல்லாத்தையும் உள்ள இழுத்துடுவாரு, கயிறு இழுக்குறவன் சிரிச்சுக்கிட்டே இழுப்பான், வலி தெரியாது.

சின்னப் பிள்ளைல நாங்க கயித்தோட வால்ல போயி தொங்குவோம். இழுக்குறோம்னு பேரு, எங்களையும் சேத்துதான் அவங்க இழுத்தாங்க. ஆனா மடி கரையேறுனதும் எங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு கை நெத்திலி உண்டு, பாவாடையில ஏந்திக்கிட்டு ஓடுவோம், துள்ளுற நெத்திலி வயித்துல கூசும். கை வச்சவனுக்குப் பங்கு இல்லேன்னு யாரும் சொன்னதில்ல.

இப்ப சில எடத்துல ட்ராக்டர் இல்லேன்னா வின்ச், அதான் கயிறு சுத்தி இழுக்குற மெஷின், வச்சு இழுக்குறாங்க, இலங்கையில மன்னார் முல்லைத்தீவு பக்கமும் இதே பேச்சுத்தான், வின்ச்சால ஆளுக்கு வேலை போச்சுன்னு. மெஷினுக்குப் பாட்டு வேணாம். அதனால பாடுறவங்க கொறைஞ்சுட்டாங்க. உங்க ஊர்ல யாராச்சும் வயசானவங்க அம்பா பாடுனா தயவுசெஞ்சு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, உக்கார வச்சு பாடச் சொல்லாதீங்க, ஒரு கயித்தைக் கையில குடுத்துப் பாடச் சொல்லுங்க, அப்பத்தான் அடி மறக்காம வரும்.

மாசி மகத்துக்கு காரைக்கால் பக்கம் பெருமாளை மீனவங்க "மாப்பிள்ளை"ன்னு கூப்பிடுவாங்களாமே, நிஜமா? – தஞ்சாவூர் வாசகி

நிஜம்தாங்க, நேர்ல போய்ப் பாருங்க. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்னிக்கு திருமலைராயன்பட்டினம் கடக்கரைக்கு தீர்த்தவாரிக்கு வருவாரு. மீனவத் தலைவர் பொண்ணு பத்மினியை அவர் கட்டிக்கிட்டாருங்கறது கதை, கோயில்ல அந்தத் தாயாரும் கூடவே இருக்காங்க. அதனால பட்டினம் அவருக்கு மாமியார் வீடு. மீனவங்க சாமியை தோள்ல தூக்கிக்கிட்டு மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுட்டே கடலுக்கு ஓடுறதைப் பாக்கணும் நீங்க, அந்தக் கொரல்ல பயமும் இல்ல பணிவும் இல்ல, உரிமைதான் இருக்கு. மத்த நாள்ல மீன்கூடையோட பஸ்ல ஏறுனா மூஞ்சைத் திருப்பிக்கிறவங்க நடுவுல வாழுற ஜனம், அன்னிக்கு பெருமாளையே எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சிடும்.

ஏப்ரல் வந்தா மீன்பிடித் தடைன்னு விலை ஏத்திடுறாங்க. அந்தக் காலத்துல இப்படி தடை எல்லாம் இருந்துச்சா? அப்புறம் இன்னொன்னு, எங்க உறவுக்காரங்க ஊர்ல கண்மாய் மீன்பிடித் திருவிழா நடக்கும், பையனைக் கூட்டிட்டுப் போகலாமா? – சென்னை வாசகர், சொந்த ஊர் சிவகங்கை பக்கம்

அரசாங்கத் தடை நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். 2001ல 45 நாளா ஆரம்பிச்சது, 2017லேர்ந்து 61. இன்ஜின் இல்லாத கட்டுமரம், துடுப்புப் படகுக்கு அது கிடையாது. அதுக்கு முன்னால கடல் ஓய்வே எடுக்கலையான்னா, எடுத்துச்சு, ஆனா வேற மாதிரி. ஊர்ல ஒரு சாவு விழுந்தா அன்னிக்கு ஒரு படகும் எறங்காது, கிறிஸ்தவ ஊர்ங்கள்ல ஞாயித்துக்கிழமை எறங்காது, கோயில் கொடை நடக்கறப்ப எறங்காது, இந்த வலை நம்ம கடலுக்கு ஆகாதுன்னு ஊர்ப் பஞ்சாயத்து சொன்னா அதை மீறுனவனுக்கு அபராதம். மீன் கூட்டத்தையே சுத்தி வளைச்சு அடியைச் சுருக்கி அள்ளுற சுருக்குமடி வலையை வச்சு இன்னிக்கு வரைக்கும் ஊருக்கும் ஊருக்கும் நடக்குற சண்டையோட வேரு இதுதான். தடைக் காலத்துல மீன் விலை ஏறுறது உங்களுக்குத் தெரியுது, அந்த 61 நாளும் விசைப்படகுல கூலிக்குப் போறவர் வீட்டுல உலை எப்படி ஏறுதுங்கறதையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க சார்.

கண்மாய்க்கு கண்டிப்பா பையனைக் கூட்டிட்டுப் போங்க. கோடையில தண்ணி வத்தி முழங்கால் அளவு ஆனதும் ஊர்ல தண்டோரா போடுவாங்க, இப்ப வாட்ஸ்அப்லயே சேதி வந்துடுது. விடியறதுக்கு முன்னாலயே போயிடுங்க, சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கரையில நிக்கும். சாமி கும்பிட்டு பெரியவங்க வெள்ளைத் துண்டை வீசுற வரைக்கும் ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது, பையன்கிட்ட அதை முன்னாலயே சொல்லி வைங்க. ஊத்தா ஒன்னு கடன் வாங்கிக்கோங்க, மூங்கில்ல பின்னுன அடியில்லாத கூடை, டக்குன்னு தண்ணியில அமுக்கி மேல இருக்குற ஓட்டை வழியா கைய விட்டுத் தடவணும். கெளுத்தியா இருந்தா முள்ளு ஏறிடும், ரெண்டு நாளைக்குக் கடுக்கும், அதனால மொதல்ல நீங்க கைய விடுங்க, விரால் ஜிலேபின்னு தெரிஞ்சா பையனை விடுங்க. கெடச்சதை அங்க யாரும் விக்க மாட்டாங்க, வித்தா மழை வராதுன்னு ஒரு நம்பிக்கை. வீட்டுக்குக் கொண்டு போய் அன்னிக்கே கொழம்பு வைங்க, மாங்காய் ரெண்டு துண்டு போடுங்க, வெறுங்கையோட திரும்புன வீட்டுக்கு ஒரு கிண்ணம் பையன் கையிலயே குடுத்து அனுப்புங்க.