பிரதேச வைத்தியசாலையிடம் கணக்குக் கேட்க ஊரவருக்கு உரிமை உண்டா?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் ஒரேயொரு பிரதேச வைத்தியசாலைதான். பல நாட்களில் வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் இல்லை. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசைகளை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருகிறார்கள். அம்புலன்ஸ் ஓடுவதில்லை. அண்மையில் வயலில் பாம்பு கடித்த ஒருவரை, மருந்து இல்லையென்று மட்டக்களப்புக்குப் போகச் சொன்னார்கள். நல்ல காலம், பிழைத்துக்கொண்டார். கிராம அபிவிருத்திச் சங்கமாகப் போய்க் கேட்டபோது, "கணக்குக் கேட்க நீங்கள் யார்?" என்றார்கள். சட்டத்தில் எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. 2015இல் வந்த 19ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரை, தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. அதைச் செயற்படுத்துவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். இச்சட்டத்தில் 'பிரசை' என்பது தனி ஆளை மட்டும் குறிக்காது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரசைகளாக உள்ள சங்கமும் அதில் அடங்கும். ஆகவே உங்கள் சங்கத்தின் கடிதத்தலைப்பிலேயே விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

முதலில், கேள்வி போக வேண்டிய இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் இங்கேதான் வீணாகின்றன. பிரதேச வைத்தியசாலை மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குக் கீழே வருவது; அதை நடத்துவது பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஒரு பணிமனை. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு; திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கத்து வாசகர்கள் கல்முனைக்கே எழுத வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை நேரே மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. பிரதேச சபைக்கு ஆங்கில வைத்தியசாலையின் மேல் அதிகாரம் இல்லை. வைத்தியர்களின் நியமனமும் இடமாற்றமும் கொழும்பில், சுகாதார அமைச்சின் கையில். அதனால்தான் டொக்டர் இல்லை என்ற குறையை மாகாணம் கொழும்பைக் காட்டியும், கொழும்பு மாகாணத்தைக் காட்டியும் தட்டிக்கழிக்க முடிகிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை; மாகாணத்தில் உங்களுக்காகக் கேள்வி கேட்க உறுப்பினர் எவரும் இல்லை. எழுத்துமூலக் கேள்வியை நான் வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

விண்ணப்பத்தைப் பணிமனையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. பதிலையும் தமிழில் கேட்கலாம். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றைக் கையோடு வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.

"ஏன் டொக்டர் வருவதில்லை?" என்று எழுதாதீர்கள். விளக்கம் கேட்டால் விளக்கம்தான் வரும், அல்லது ஒன்றுமே வராது. பதிவேட்டைக் கேளுங்கள். அந்த வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, குறித்த ஒரு திகதியில் பதவி வாரியாக வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர். வெற்றிடங்களை நிரப்பக் கேட்டு மேலே அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். கடந்த மூன்று மாத வைத்தியர் கடமைப் பட்டியல், வரவுப் பதிவேடு. பெயர் குறிப்பிட்ட ஐந்தாறு மருந்துகள் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை கையிருப்பில் இல்லை, அவற்றைக் கேட்டு அனுப்பிய கோரிக்கைகள். அம்புலன்ஸின் ஓட்டப் பதிவும் திருத்தச் செலவும். இவ்வளவு போதும். ஐந்து வருடக் கணக்கைக் கேட்டால், தேட அவகாசம் வேண்டுமென்று இன்னும் 21 நாள் எடுக்க இடம் கொடுக்கிறீர்கள். மற்ற நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை, அவர்களுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தரமாட்டார்கள். அதைக் கேட்கவும் வேண்டாம்.

தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு தொடர்புடைய தகவலென்றால், காரணத்தை எழுதிக் கேட்கும்போது 48 மணித்தியாலம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே பணிமனையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இடையில் ஒரு படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டுமென்றே பொய்த் தகவல் தருவதும் ஆவணத்தை அழிப்பதும் நீதவான் நீதிமன்றத்தில் 50,000 ரூபா வரை தண்டப்பணமோ இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றங்கள்.

பதிவேடு கைக்கு வரும்வரை எந்த ஒரு வைத்தியரின் பெயரையும் எடுக்காதீர்கள். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தை ஒருவரே தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். வந்திருக்கும் அந்த ஒருவரைத் திட்டினால் அவரும் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார், நட்டம் ஊருக்கு. வெளிநோயாளர் பிரிவு பொதுவாகக் காலை 8 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் என்பதால், இடைப்பட்ட இரண்டு மணித்தியாலத்தில் ஆளில்லாதது தவறாகாது. கடமை நேரத்துக்குப் பிறகு தனியார் சிகிச்சை செய்யவும் அரசு வைத்தியருக்கு அனுமதி உண்டு. கடமை நேரத்தில் செய்தால் மட்டுமே முறைப்பாடு நிற்கும். வாட்டுக்குள் வீடியோ எடுப்பதும் முகநூலில் பெயர் போட்டு எழுதுவதும் வேண்டாம். 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மானநட்ட வழக்கும் உங்கள் பக்கம் திரும்பும். அதற்குப் பதிலாக, வெளியில் வாங்கச் சொன்ன துண்டுகளைத் திகதியோடு சேர்த்து வையுங்கள். மருந்து இருப்புப் பதிவேட்டோடு அவற்றை ஒப்பிடலாம்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழு இருக்கிறதா என்றும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்: உறுப்பினர்கள் யார், கடைசிக் கூட்டம் எப்போது, கூட்டறிக்கைப் பிரதி. பல இடங்களில் குழு கடதாசியில் மட்டும் இருக்கும்; அல்லது கட்டடத்துக்கும் வர்ணத்துக்கும் காசு சேர்ப்பதோடு நின்றுவிடும். உங்கள் சங்கத்திலிருந்து இருவரைச் சேர்க்கும்படி எழுதுங்கள். அதில் ஒருவராவது கிளினிக்குக்கு மாதாமாதம் போய்வரும் பெண்ணாக இருந்தால் மருந்து நிலவரம் நேரடியாகத் தெரியவரும். கிடைத்த பதிவேடுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்கூட்டியே கொடுத்து, நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் அரச அலுவலர்கள் இழைக்கும் அநீதிகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு நேரடியாகவே முறையிடலாம். பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் போக வேண்டும் என்ற பழைய நிபந்தனை 1994இல் நீங்கிவிட்டது.

பாம்புக்கடி விடயம் தனி. விஷமுறிவு மருந்தே உடலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். சமாளிக்க வசதியில்லாத இடம் நோயாளியை மேலே அனுப்புவது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் "போங்கள்" என்று கைவிடுவது வேறு, முதலுதவி செய்து, இடமாற்றக் கடிதம் எழுதி, வாகனம் ஏற்பாடு செய்து அனுப்புவது வேறு. அன்று எது நடந்தது என்பதற்கு அவருடைய மட்டக்களப்பு அனுமதி அட்டையும் திகதியும் நேரமும் சாட்சி. (ஊரில் எல்லோருக்கும் 1990 இலக்கத்தைச் சொல்லிவையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.) கைவிட்டதுதான் நடந்ததென்றால், அதற்கான அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடப்பதற்கான எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உள்ளன. சம்பவத் திகதியிலிருந்து ஒரு மாதம் இன்னும் கழியவில்லையென்றால், அவரை அட்டையோடு இந்த வாரமே மட்டக்களப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். தகவல் விண்ணப்பத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.